உங்க ஊர் புல் டிசம்பரில் தூங்குமா? - ரை கிராஸ் விதைக்கு ஆர்டர் போடும் முன் ஒரு நிமிஷம்!

2022 டிசம்பர் 18. கத்தாரின் லுசைல் ஸ்டேடியத்தில் மெஸ்ஸி உலகக் கோப்பையைத் தூக்கிய ராத்திரி. கோப்பையைப் பார்த்தோம், அவர் தோளில் போர்த்திய கறுப்பு அங்கியைப் பார்த்தோம், சோர்ந்துபோன எம்பாப்பேவையும் பார்த்தோம். அவங்க காலுக்குக் கீழே இருந்த புல்லை எத்தனை பேர் கவனிச்சிருப்போம்? பாலைவன நாட்டில் அப்படி ஒரு பச்சை எங்கிருந்து வந்தது?

அது ஒரு புல் இல்லைங்க, இரண்டு புல். அடியில் இருந்தது பாஸ்பாலம். வெயிலையும் உப்புத்தண்ணீரையும் தாங்கும் ரகம். குளிர்காலத்தில் அதன் வேகம் குறையும் என்பதால், அதை அகற்றாமல் அதன் மேலேயே ரை கிராஸ் என்ற குளிர்நாட்டுப் புல்லின் விதையைத் தூவி வளர்த்தார்கள். இதற்குப் பெயர்தான் ஓவர்சீடிங். தமிழில் 'மேல்விதைப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலிருந்து ஆண்டுக்கு 140 டன் புல் விதை விமானத்தில் கத்தாருக்கு வந்ததாகவும், குளிர்காலத்தில்கூட ஒரு மைதானத்துக்கு தினம் 10,000 லிட்டர் தண்ணீர் தெளித்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன.

அந்த விதை இப்போ பாக்கெட்டாக ஆன்லைனில் கிடைக்கிறது. '10 நாளில் பச்சைக் கம்பளம்' என்று மொபைலில் விளம்பரம் ஓடுகிறது. குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு பள்ளியின் பி.டி. சார் அந்த லிங்க்கை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கையோடு போனும் போட்டார்.

"தம்பி, பழைய பசங்க சேர்ந்து நாப்பதாயிரம் ரூபாய் குடுத்திருக்காங்க. கிரவுண்ட் முழுக்க மண்ணு தெரியுது. கோகோ ஆடுற பொண்ணுங்களுக்கு முட்டி பூரா காயம். ஜனவரி கடைசியில ஸ்போர்ட்ஸ் டே. இத வாங்கித் தூவிடலாமா?"

"ரெண்டு நாள் டைம் குடுங்க சார், படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். படித்ததில் தெரிந்ததுதான் இந்த வாரக் கட்டுரை.

வெயில் புல்லும் குளிர் புல்லும்

புல்லில் இரண்டு பெரிய சாதி உண்டு. ஒன்று வெயில் புல். 27 முதல் 35 டிகிரி வெப்பத்தில்தான் இது குஷியாக வளரும். நாம் பிள்ளையாருக்கு மாலை கட்டும் அருகம்புல் இந்த ரகம். அதையே உலகம் பெர்முடா கிராஸ் என்று அழைக்கிறது. கிரிக்கெட், ஃபுட்பால், கோல்ஃப் மைதானங்களில் பிரபலமான 'டிஃப்வே 419' என்ற ரகம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் 1960-ல் வெளியிடப்பட்டது. நம்ம அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல்லையும் இணைத்து வந்த ஒட்டு ரகம் அது. வீட்டு லானில் போடும் கொரியன் புல், எருமைப்புல் எல்லாமும் வெயில் புல்தான்.

இன்னொன்று குளிர் புல். 15 முதல் 24 டிகிரி வரை இதற்கு சொர்க்கம். ரை கிராஸ், ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் எல்லாம் இந்தக் குடும்பம். ஐரோப்பாவில் வயல்வெளியில் மாடு மேயும் புல் இது. விம்பிள்டன் டென்னிஸ் கோர்ட்டில் 2001-லிருந்து முழுக்க முழுக்க பெரினியல் ரை கிராஸ்தான். 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள்.

குளிர் அதிகமானால் வெயில் புல் சாவதில்லை, தூங்கிவிடும். மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அருகம்புல்லின் இலை வைக்கோல் நிறமாகிவிடும். வேர் உயிரோடு இருக்கும். வெயில் திரும்பியதும் மறுபடி துளிர்க்கும். அது தூங்கும் மூன்று, நான்கு மாதங்களுக்கு மட்டும் அந்த இடத்தில் குளிர் புல்லைக் குடிவைப்பதுதான் மேல்விதைப்பு. வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கும்போது வாடகைக்கு ஆள் வைப்பது மாதிரி.

யாருக்கு இது தேவை?

அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தில் ஏப்ரல் மாதம் டி.வி-யில் பளபளக்கும் பச்சை, பெர்முடாவின் மேல் இலையுதிர் காலத்தில் விதைத்த ரை கிராஸ். துபாயில் ஜனவரி இரவு 14, 15 டிகிரிக்கு இறங்கும் என்பதால் அங்கும் கோல்ஃப் மைதானங்களில் இதே வேலை நடக்கிறது. வளைகுடாவில் லேண்ட்ஸ்கேப்பிங் வேலை பார்க்கும் நம்ம ஊர் அண்ணன்மார்களைக் கேளுங்கள், அக்டோபர் வந்தாலே விதை மூட்டை தூக்கிய கதை சொல்வார்கள். இந்தியாவில் டெல்லி, சண்டிகர் பக்கம் ஜனவரியில் அருகம்புல் நிறம் மாறிவிடும். அங்கே உறவினர் வீட்டில் லான் இருந்தால் அவர்களுக்கு இது பயன்படும்.

தமிழ்நாட்டில்? ஊட்டி, கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும்; தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை கோத்தகிரி மிலார் செடியால் மூடிப் பாதுகாக்கும் படங்களை வருஷா வருஷம் பார்க்கிறோமே, அந்த சீசன். அங்கே குளிர் புல்லுக்கு வேலை உண்டு. ஆனால் ஊட்டியில் பரவியிருக்கும் கிக்குயு புல் மெத்தை மாதிரி அடர்ந்து படரும். அதைக் குட்டையாக வெட்டி, வாரி எடுக்காமல் விதைத்தால் விதை மண்ணைத் தொடவே தொடாது.

எந்த விதை எதற்கு?

பெரினியல் ரை கிராஸ்: விளையாட்டு மைதானத்துக்கு முதல் தேர்வு. கரும்பச்சை, மெல்லிய இலை, மிதியைத் தாங்கும். சரியான குளிரில் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். குறை என்னவென்றால், வெயில் வந்தபிறகும் சீக்கிரம் கிளம்பாது. அடியில் இருக்கும் அருகம்புல்லை எழ விடாமல் அடம்பிடிக்கும்.

ஆனுவல் ரை கிராஸ்: விலை குறைவு. வெளிர்பச்சை, அகல இலை. வேகமாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டும். முதல் வெயிலிலேயே கூட்டமாகக் காய்ந்துபோகும். கல்யாணம், விழா என்று ஒரு சீசனுக்குப் பச்சை போதும் என்றால் இது.

போவா ட்ரிவியாலிஸ்: கோல்ஃப் பந்தை உருட்டும் கிரீன் பகுதிக்கு. மிகக் குட்டையாக வெட்டினாலும் தாங்கும். சூடு வந்ததும் மரியாதையாக விலகிவிடும். ஆனால், ஓடி ஆடும் இடத்தில் மிதி தாங்காது. விதை ரொம்பப் பொடி. ஒரு கிலோ ரை கிராஸில் சுமார் 5 லட்சம் விதை இருந்தால், இதில் சுமார் 50 லட்சம். அதனால் எடை குறைவாகப் போதும்.

ஃபெஸ்க்யூ: மெல்லிய இலை ஃபெஸ்க்யூவை ரை கிராஸுடன் கலந்து போடுவது உண்டு. 'டால் ஃபெஸ்க்யூ' என்று எழுதியிருந்தால் இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். திட்டுத் திட்டாக, முரட்டுக் கொத்தாக நின்றுவிடும்.

பாக்கெட்டில் புல்லின் பெயர், முளைப்புத்திறன் சதவிகிதம், பரிசோதித்த தேதி மூன்றும் இருக்கணும். வெறும் 'லான் கிராஸ் சீட்' என்று போட்டு அழகான படம் மட்டும் இருந்தால் தள்ளி வையுங்கள். விதைக்கு நிறம் பூசியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை மருந்து. கோழியும் குழந்தையும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மேல்விதைப்பு அருகம்புல் ரகங்களுக்கு ஒத்துவரும். கொரியன் புல், எருமைப்புல் மேல் போட்டால் கோடையில் உங்கள் அசல் லானே கெட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

விதைப்பதைவிட அனுப்புவது கஷ்டம்

விதைக்கும் முறை எளிது. புல்லைக் குட்டையாக வெட்டி, காய்ந்த குப்பையை வாரி, விதை மண்ணைத் தொடும்படி செய்யணும். விதையை இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்கை நெடுக்காக, மறு பங்கை குறுக்காகத் தூவணும். வீட்டு லானுக்குச் சதுர மீட்டருக்கு 25 முதல் 50 கிராம், மைதானத்துக்கு 50 முதல் 75 கிராம். முளைக்கும்வரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை மெல்லிய தூறல் மாதிரி தண்ணீர்.

சிக்கல் பிப்ரவரி, மார்ச்சில் வரும். வாடகைக்கு வந்தவர் காலி செய்யணும் இல்லையா? அப்போது புல்லைக் குட்டையாக வெட்டி வெளிச்சம் உள்ளே போகச் செய்யணும். தண்ணீரைக் குறைத்து ரை கிராஸை வாட்டணும். அருகம்புல்லுக்குப் போட்டியில்லாமல் வளர கோடையில் சுமார் 100 நாளாவது கிடைக்கணும் என்பது வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. அது கிடைக்காவிட்டால் நான்கு மாதப் பச்சைக்கு ஆசைப்பட்டு எட்டு மாதப் பச்சையை இழந்துவிடுவோம்.

தரம்சாலா சொன்ன பாடம்

புல்லுக்கும் சீசன் உண்டு என்பதைக் காசு இருக்கிறவர்களும் கற்றுக்கொண்ட கதை ஒன்று. இமாச்சலத்தில் தரம்சாலா மைதானம் சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2023 மார்ச் 1-ம் தேதி அங்கே இந்தியா - ஆஸ்திரேலியா மூன்றாவது டெஸ்ட் தொடங்கணும். மைதானத்தைப் புதுப்பித்து முடித்திருந்தார்கள். பிப்ரவரி 13-ம் தேதி பி.சி.சி.ஐ அறிவித்தது: கடும் குளிரால் அவுட்ஃபீல்டில் புல் போதிய அடர்த்தி பெறவில்லை, டெஸ்ட் இந்தூருக்கு மாறுகிறது.

அதே ஆண்டு உலகக் கோப்பை அங்கே நடந்தது. அக்டோபர் 7, வங்கதேசத்துக்கு எதிரான ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானின் முஜீப் பந்தைத் தடுக்கச் சறுக்கினார். முழங்கால் மண்ணில் மாட்டி, புல் திட்டு பெயர்ந்து வந்தது. முஜீப்புக்குப் பெரிய காயம் ஆகாதது அதிர்ஷ்டம் என்றார் பயிற்சியாளர் ஜொனாதன் டிராட். அடுத்து அங்கே ஆடவந்த இங்கிலாந்து கேப்டன் பட்லரும் அவுட்ஃபீல்டு மோசம் என்றார். ஐ.சி.சி அந்த அவுட்ஃபீல்டுக்குக் கொடுத்த மதிப்பு, 'சுமார்'.

உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் வாரியம். அவர்களாலும் குளிரில் புல்லை அவசரப்படுத்த முடியவில்லை. வேர் பிடிக்காத புல், பார்க்கப் பச்சையாக இருந்தாலும் விழுகிறவரின் முட்டியைக் காப்பாற்றாது. நம்ம கோகோ பொண்ணுங்க விஷயத்திலும் இதை மறக்கக் கூடாது.

குறிஞ்சிப்பாடி கணக்கு

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடியில் ஜனவரி இரவு எவ்வளவு குளிரும்? 20 டிகிரியை ஒட்டித்தான். பகலில் 28, 29. நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படலாம். அருகம்புல்லுக்கு அது தூங்குகிற குளிரே இல்லை. வீட்டுக்காரர் வீட்டிலேயே இருக்கிறார், வாடகைக்கு எதற்கு ஆள்?

அடுத்து, நேரம். ரை கிராஸ் விதைக்கும் காலம் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை. கடலூர் மாவட்டத்தில் அது என்ன காலம் என்று யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப்போட்டது. 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். மண் மேலே சும்மா கிடக்கும் விதை ஒரு நல்ல மழைக்கு வாய்க்காலுக்குப் போய்விடும்.

தப்பித்து முளைத்தாலும் ஒரு எதிரி காத்திருக்கிறது. பித்தியம் என்ற நோய். ரை கிராஸின் இளங்குருத்தை ஒரே இரவில் அழுகவைத்துக் கொழகொழவென்று சாய்த்துவிடும். அதற்குப் பிடித்த சூழல் என்ன தெரியுமா? 20 டிகிரிக்கு மேல் இரவு வெப்பம், விடிய விடிய ஈரமான இலை. நம்ம டிசம்பர் ராத்திரியை அப்படியே வர்ணித்த மாதிரி இருக்கிறது!

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் என்று ஒரு மைதானம் 6,400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 50 கிராம் என்றால் 320 கிலோ விதை. கிலோ 500 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 1,60,000 ரூபாய். பி.டி. சார் கையில் இருக்கும் 40,000-க்கு 80 கிலோதான் வரும், கால் மைதானம். அந்தக் கால் மைதானமும் மார்ச் வெயிலில் காய்ந்துவிடும், அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: 40 கிராம் கணக்கில் 100 கிராம் பாக்கெட் இரண்டரை சதுர மீட்டருக்கு வரும். அஞ்சடிக்கு ஆறடி கட்டில் போடும் இடம்கூட முழுசாக நிறையாது.

தண்ணீரும் இருக்கிறது. நிலக்கரிக்காக நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றும் சுரங்கத்தின் பக்கத்து ஊர்கள் இவை. போர்வெல் ஆழத்தைப் பற்றிப் பேசாத டீக்கடை இங்கே இல்லை. நான்கு மாதத்தில் காயப்போகிற புல்லுக்கு நாலு வேளை தெளிப்பதை யோசித்துத்தான் செய்யணும்.

சரி, மண் தெரிகிறதே... என்ன செய்யலாம்?

நம்ம பக்கம் பொங்கல் நேரத்தில் புல் மெலிந்திருப்பதற்குக் காரணம் குளிர் இல்லை. மழையில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுவது, ஈர மண்ணில் ஆடி ஆடி மண் கெட்டிப்படுவது, மேகமூட்டத்தில் வெயில் குறைவது, மழையோடு சத்து கரைந்து ஓடுவது. காரணத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்.

முதலில் வடிகால். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. டிசம்பர் 16-ல் சேப்பாக்கத்தில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட் குறித்த நேரத்தில் தொடங்கியது. தட்டுகளில் நெருப்புக்கரியைக் கொட்டிப் பிட்சை உலர்த்தினார்கள். தண்ணீர் வடிந்த மைதானத்தில் கருண் நாயர் 303 ரன் அடித்தார். தமிழ்நாட்டு டிசம்பரில் மைதானத்தைக் காப்பாற்றுவது குளிர் புல் இல்லை, தண்ணீர் வெளியே போகும் வழி. மழை நின்றதும் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பள்ளத்தை மேடாக்கி, ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டணும்.

இரண்டாவது, கெட்டிப்பட்ட மண்ணுக்கு மூச்சு. மண் ஓரளவு காய்ந்ததும் கூரான இரும்புக் கம்பியால் நாலு விரற்கடை ஆழத்துக்கு நெருக்கமாகத் துளை போட்டு, சலித்த மணலைத் தூவித் துளையில் இறங்கும்படி பெருக்கிவிடணும்.

மூன்றாவது, அருகம்புல்லையே நடணும். விதை வாங்கவேண்டியதில்லை. மைதான ஓரத்தில் செழிப்பாக இருக்கும் அருகம்புல்லைப் பெயர்த்து, இரண்டு மூன்று கணு இருக்கும்படி துண்டு போட்டு, அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். மழை ஓய்ந்து ஈரம் மிச்சம் இருக்கும் ஜனவரி பிற்பகுதி, பிப்ரவரி நல்ல நேரம். முதல் இரண்டு வாரம் மண் காயாமல் தண்ணீர், வேர் பிடித்ததும் கொஞ்சமாக யூரியா, கோரை தலைகாட்டினால் கிழங்கோடு பிடுங்குவது. இரண்டு, இரண்டரை மாதத்தில் படர்ந்து மூடிவிடும்.

நான்காவது, ஓய்வு. நட்ட இடத்தில் அதுவரை யாரும் ஆடக் கூடாது. மைதானத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் ஆட்டம், மறு பாதியில் நடவு என்று மாற்றிக்கொள்ளலாம். கோல் போஸ்ட்டைச் சில மீட்டர் நகர்த்தினாலே தேய்ந்த இடம் மூச்சுவிடும். மழை நாளில் மைதானத்துக்குப் பூட்டு.

மரநிழலில் புல் வரவில்லை என்று கவலைப்படுகிற டவுன்ஷிப் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் இல்லாத இடத்தில் அருகம்புல் வராது; எத்தனை தடவை நட்டாலும் வராது. அங்கே நிழல் தாங்கும் எருமைப்புல்லை வையுங்கள். ரொம்ப இருட்டு என்றால் செங்கல் பதித்து நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது பி.டி. சார் கேட்ட முதல் கேள்வி, "அப்போ இந்த ஸ்போர்ட்ஸ் டே?" ஜனவரிக்குள் புல் வராது சார், அது உண்மை. கோகோ ஆடும் இடத்தில் மட்டும் கல் பொறுக்கி, மண்ணைக் கொத்தி இளக்கி, சலித்த மணல் கலந்து சமப்படுத்தலாம். இளகின மண், காய்ந்து இறுகின தரையைவிட முட்டிக்கு நல்லது. நாப்பதாயிரத்தை வடிகாலுக்கும் மணலுக்கும் நடவுக் கூலிக்கும் வைத்துக்கொண்டால் அடுத்த வருஷ ஸ்போர்ட்ஸ் டே பச்சையில் நடக்கும்.

ரை கிராஸ் மோசமான புல் இல்லை. டெல்லிக்கும் துபாய்க்கும் ஊட்டிக்கும் அது அருமையான விருந்தாளி. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொன்ன ஊர்க்காரர்கள் நாம். நெல்லுக்கு மட்டுமல்ல, புல்லுக்கும் பட்டம் உண்டு. விளம்பரம் வந்தால் பாக்கெட்டின் படத்தைப் பார்க்கும் முன் வாசலுக்குப் போய் உங்கள் புல்லைப் பாருங்கள். ஜனவரிக் காலையிலும் அது பச்சையாகத் துளிர் விட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் எந்த விதையும் வாங்கவேண்டியதில்லை. ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.